அறுபது அடிச் சாலைக் கோடும் ஐந்தரை செண்ட் மனையும்

வாசகர் கேள்வி: கோவையின் வடகிழக்குப் பகுதியில் எங்களுக்கு ஐந்தரை செண்ட் மனையும், அதில் அப்பா 1996-இல் கட்டிய வீடும் இருக்கின்றன. 40 அடி முகப்பு, 60 அடி ஆழம். முன்புற அறையைத் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். வீட்டு முன்னால் போகும் 30 அடிச் சாலையை 60 அடியாக அகலப்படுத்தி, பள்ளத்தின் ஓரமாகவே நீட்டிக்கொண்டுபோய் அடுத்த பெரிய ரோட்டில் சேர்க்கப்போவதாகவும், எங்களுக்கு எதிரே இருக்கும் தோட்டங்களைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றப்போவதாகவும் எங்கள் பகுதியின் சாலைகளையும் நிலப் பயன்பாட்டையும் வகுக்கும் விரிவு அபிவிருத்தித் திட்டத்தின் அறிவிப்பு வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் வரைபடத்தில் சிவப்புக் கோடு எங்கள் வீட்டின் மேலேயே ஏறிப் போகிறது. கடைக்காரர்கள் ரோடு வரட்டும் என்கிறார்கள். உள்வீதிக்காரர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டம் சண்டையில் முடிந்தது. அப்பா காலமாகிவிட்டார். "இப்போதே விற்றுவிடலாம், இல்லாவிட்டால் பாகம் பிரித்துக்கொள்ளலாம், முன்பக்கம் உனக்கு, பின்பக்கம் எனக்கு" என்கிறான் தம்பி. ஆட்சேபணை கொடுத்தால் பலன் உண்டா? நான் இந்த ரோட்டை எதிர்ப்பதா, ஆதரிப்பதா?

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

பதில்:

அன்புள்ள அம்மையீர்,

தாங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த அந்த வாட்ஸ்அப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தை யாரோ கைபேசியில் படம் பிடித்திருக்கிறார்; அதன்மேல் இன்னொருவர் சிவப்பு மையில் கோடு இழுத்திருக்கிறார்; டியூப்லைட் வெளிச்சம் சரியாக உங்கள் வீதியின் பெயர்மேல் விழுந்து அதை மறைத்திருக்கிறது. நகரம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் மிகச் சிறிய அளவில் வரையப்படுபவை. 1:20,000 என்ற அளவில் வரைந்த படம் என்று வைத்துக்கொண்டால், அதில் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 20 மீட்டரை, அதாவது ஏறத்தாழ 65 அடியை அடைத்துக்கொள்ளும். உங்கள் மனையின் மொத்த ஆழமே 60 அடிதான். பேனா முனை சற்று இப்படி நகர்ந்தால் வீடு முழுதும் போய்விடும், அப்படி நகர்ந்தால் வாசற்படிகூடப் போகாது என்னும் நிலையில் இருக்கும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்கலாகாது.

தாங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு ஆவணங்கள். ஒன்று, விரிவு அபிவிருத்தித் திட்டத்தோடு வைக்கப்படும் புல எண் (சர்வே நம்பர்) வாரியான அட்டவணையும் அதற்குரிய பெரிய அளவு வரைபடமும். அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள அலுவலகத்தில் இவற்றை யாரும் பார்வையிடலாம், கட்டணம் செலுத்தி நகலும் கேட்கலாம். இரண்டாவது, உங்கள் புல எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம், நம் ஊர் வழக்கில் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை அழைத்து, இப்போதுள்ள சாலையின் நடுக்கோட்டைத் தரையில் குறித்து, அங்கிருந்து 30 அடியை டேப் பிடித்து அளந்து, மனையின் எந்த இடத்தில் அது விழுகிறது என்பதைப் புலப்படத்தின் மேல் வரைந்து கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு தாளுக்கு ஆகும் செலவு, தரகர் ஒருவர் குறைத்துக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம், ரோடு வருகிறது என்ற பேச்சைக் கேட்டே மனையை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தது. அவர்களோடு போய் அளந்து பார்த்தபோது, அந்தக் கோடு பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் 40 அடி தள்ளிப் போயிருந்தது. வாங்கியவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சாலை இரு புறமும் சமமாக அகலப்படுத்தப்பட்டால் உங்கள் பக்கம் 15 அடி போகும். 40 அடி முகப்பில் 15 அடி என்றால் 600 சதுர அடி. செண்ட் கணக்கில் 1.4-க்குச் சற்றுக் குறைவு. மீதி நிற்பது நான்கு செண்டுக்குச் சற்று அதிகம். வீடு முழுவதும் போய்விடாது. தையல் கடை, வாசல், முன்திண்ணை ஆகியவை போகும். ஆனால் பிற்காலத்தில் வீட்டை இடித்துக் கட்டும்போது, புதிய சாலை எல்லையிலிருந்து முன்புறம் விட வேண்டிய காலியிடத்தையும் கழித்துப் பார்த்தால், கட்டடம் எழுப்ப மிஞ்சும் இடம் நீங்கள் நினைப்பதைவிடச் சுருங்கிவிடும். இழப்பைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி ஆட்சேபணை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 27-ஆவது பிரிவின்படி விரிவு அபிவிருத்தித் திட்டத்துக்கு அறிவிப்பு வெளியானால், எழுத்து மூலமான ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து அந்தக் கெடு ஓடத் தொடங்கிவிடும். உங்கள் காதுக்குச் செய்தி எட்டிய நாளிலிருந்து அல்ல. தங்களை நேரில் கேட்கும்படி கோரியவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்த பிறகே திட்டம் ஒப்புதலுக்குப் போக வேண்டும். பலன் உண்டா என்று கேட்கிறீர்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் அதிகாரியாக மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தகைய மனுக்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான மனுக்களால் பலன் இருப்பதில்லை, அவை எழுதப்பட்ட விதம் அப்படி. ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து 300 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அலுவலகத்தில் அது 300 மனுக்களாகப் பதிவாகும். ஆனால் பதில் ஒன்றுதான் எழுதப்படும், அதுவும் "பொதுநலன் கருதி ஏற்பதற்கில்லை" என்ற ஒற்றை வரியாக இருக்கும். வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்று பொதுவாக எழுதினால், எந்த வாழ்வாதாரம், எந்தப் புல எண், எத்தனை அடி என்று கேட்க ஆளில்லாமல் அது கோப்பில் அடங்கிப்போகும்.

மாறாக, ஒரு முதியவர் கொடுத்த ஒற்றைத் தாள் எனக்கு மறக்கவே இல்லை. திட்டச் சாலை அவர் வீட்டை உரசிக்கொண்டு போனது. அவர் ரோடு வேண்டாம் என்று எழுதவில்லை. 80 அடி தள்ளி, கிராமப் பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவான ஒரு துண்டு நிலம் நெடுகக் கிடப்பதைப் புலப்படத்தோடு காட்டி, சாலையை அங்கே திருப்பினால் எத்தனை வீடுகள் தப்பும், வளைவு எந்த அளவு கூடும் என்பதைப் பென்சிலில் வரைந்து இணைத்திருந்தார். அவர் அந்தக் காலத்து ஓவர்சியர். கோடு மாறியது. திட்டம் வரைகிறவரும் மனிதர்தான். தம் வேலையைக் குறைத்துக் கொடுக்கும் மனுவை அவர் தூக்கி எறிய மாட்டார்.

உங்களுக்கும் அப்படியொரு வழி இருப்பதாகவே கடிதத்திலிருந்து தெரிகிறது. எதிர்ப்புறம் தோட்டங்கள் என்கிறீர்கள். அதே அறிவிப்பில் அந்தத் தோட்டங்கள் குடியிருப்புப் பகுதியாக மாறுகின்றன என்றும் சொல்கிறீர்கள். அங்கே நாளை யாராவது லேஅவுட் போட்டு ஒப்புதல் கேட்டால், சாலைகளுக்கான நிலத்தை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படியிருக்க, கூடுதல் 30 அடியையும் அந்தப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. கட்டிய வீடுகள் இடிபடாது, அரசுக்கு இழப்பீட்டுச் செலவும் பெருமளவு மிஞ்சும். ஆனால் இதை எழுதும் முன் அந்தத் தோட்டக்காரரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். தோட்டத்தை விற்க எண்ணமே இல்லாமல் இன்னமும் சோளமும் வாழையும் வைத்துக்கொண்டிருக்கும் விவசாயியாக அவர் இருந்தால், உங்கள் 15 அடியைக் காப்பாற்ற அவருடைய 30 அடியைக் கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும். ரியல் எஸ்டேட் நிறுவனம் ஏற்கெனவே கிரயம் செய்துகொண்ட பூமியாக இருந்தால் தயங்க வேண்டியதே இல்லை. யார் பெயரில் இருக்கிறது என்பதை வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எதிர்ப்பதா, ஆதரிப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீதியில் சண்டை வந்ததற்குக் காரணமே கேள்வியை இப்படி இரண்டாகப் பிளந்ததுதான். கோவையின் பெரிய ரோடுகளான அவிநாசி, சத்தி, மேட்டுப்பாளையம், திருச்சி, பொள்ளாச்சி, பாலக்காடு ரோடுகள் எல்லாம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுவூரிலிருந்து கிளம்பிப் போகின்றன. ஒரு ரோட்டிலிருந்து அடுத்த ரோட்டுக்குக் குறுக்கே போக நல்ல இணைப்புகள் குறைவு. அதனால் சரவணம்பட்டியில் இருப்பவர் பீளமேடு போவதற்கும் ஏதோ ஒரு நெரிசலான சந்திப்பில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தார்கள். அது ஓர் ஆரக்காலை மேலே தூக்கியது, குறுக்கு இணைப்பைத் தரவில்லை. மேற்குப் புறவழிச்சாலை பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2023-இல்தான் முதல் கட்ட வேலையைக் கண்டது. 60 அடி இணைப்புச் சாலைகளுக்குத் திறப்பு விழாக் கவர்ச்சி கிடையாது. ஆனால் பேருந்தும் ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் உள்ளே வருவது அவற்றின் வழியாகத்தான். எனவே இணைப்புச் சாலை வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் வீதிக் கடைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அது பள்ளத்தின் ஓரமாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டு 15 அடியைவிட இதுதான் பெரிய விஷயம். கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் மழைக்கு மட்டும் ஓடும் ஓடை. வெயில் காலத்தில் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் காலியிடமாகத் தெரியும், ரோடு போட வசதியான இடமாகவும் தெரியும். சங்கனூர்ப் பள்ளத்தின் கரைகள் ஆக்கிரமிப்பால் சுருங்கிய கதையைக் கோவைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கனமழைக்கு லங்கா கார்னர் ரயில் பாலத்தின் அடியில் தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்க்காத கோவைக்காரர் இல்லை. தண்ணீர் போகிற வழி குறுகினால் அது நாம் போகிற வழியில் வந்து நிற்கும். புலப்படத்தில் பள்ளத்தின் அகலம் எத்தனை அடி, தரையில் இன்று எத்தனை அடி, சாலை எல்லை அந்த அகலத்துக்குள் நுழைகிறதா, குறுக்குப் பாலங்கள் எந்த அளவில் வருகின்றன, நீர்வளத் துறையின் கருத்து பெறப்பட்டதா ஆகிய கேள்விகளை மனுவில் எழுப்புங்கள். உள்வீதிக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய பகுதி இதுதான். வெள்ளம் வந்தால் கடைக்குள்ளும் வரும், வீட்டுக்குள்ளும் வரும்.

இன்னொன்றையும் உங்கள் சங்கம் பேசியதாகத் தெரியவில்லை. சாலைக் கோட்டைப் பற்றியே எல்லோரும் சண்டை போடுகிறீர்கள். அதே அறிவிப்பில் உள்ள நிலப் பயன்பாட்டு மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. 60 அடிச் சாலை வந்தால் மதிப்பு ஏறுவது சாலைக்காக முகப்பை இழக்கும் வீடுகளுக்கு அல்ல, பின்னால் இருக்கும் பெரிய பரப்புகளுக்குத்தான். இழப்பவர் ஒருவர், ஆதாயம் பெறுபவர் வேறொருவர் என்ற இந்தக் கோணலைச் சரிசெய்ய வழி இல்லாமலில்லை. அகமதாபாத்தைச் சுற்றியுள்ள 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச்சாலைக்கு நிலம் திரட்டியபோது, ஒரு பகுதியின் மனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைச் சாலைக்கும் பொது இடத்துக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பிக் கொடுக்கும் குஜராத் முறை பெரிதும் கைகொடுத்தது. நம் மாநிலச் சட்டத்திலும் நிலத் தொகுப்புக்கான ஏற்பாடு பின்னாளில் சேர்க்கப்பட்டுவிட்டது. தோட்டங்கள் அதிகமுள்ள உங்கள் பகுதிக்கு அது பொருந்துமா என்று பரிசீலிக்கக் கோருவதில் தவறில்லை.

கோடு வருவதைவிடக் கோடு வந்து அப்படியே கிடப்பதுதான் மக்களை அதிகம் வாட்டியிருக்கிறது. அதை ஒரு பழைய அதிகாரியாக நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கோவைக்கு 1994-இல் ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) அடுத்து, 2041-ஐ இலக்காகக் கொண்ட திட்டத்தின் வரைவு 2024-இல்தான் வெளியானது. இடையில் 2011-இல் மாநகராட்சியின் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் விரிந்து 100 வார்டுகளாயிற்று. இந்த 30 ஆண்டுகளில் ஸ்கீம் ரோடு என்று காகிதத்தில் இருந்த எத்தனையோ சாலைகள் போடப்படவும் இல்லை, கைவிடப்படவும் இல்லை. அந்தக் கோட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பிளான் அப்ரூவல் கிடைக்கவில்லை, வங்கிக் கடன் கிடைக்கவில்லை, பெண்ணுக்குச் சீராக எழுதிக் கொடுக்கவும் முடியவில்லை. தாங்கள் வங்கியில் இருந்தவர். இத்தகைய சொத்துப் பத்திரங்கள் உங்கள் மேசைக்கே வந்திருக்கும்.

இதற்கு அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு மருந்து உண்டு. 38-ஆவது பிரிவின்படி, அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான பிரகடனம் வெளியிடப்படாமலும், உடன்பாட்டின் மூலம் நிலம் பெறப்படாமலும் போனால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். சட்டம் அப்படிச் சொன்னாலும் அலுவலகக் கணினியில் கோடு தானாக அழியாது. நீங்கள் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். அங்கு அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட வேண்டும். இதே பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றம் பலருக்கு நிவாரணம் அளித்திருக்கிறது. எனவே அறிவிப்பு வெளியான அரசிதழின் தேதியை இப்போதே குறித்துப் பத்திரப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறையே இந்தச் சாலையை எடுத்துக்கொண்டால் வழி வேறு. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-இன் 15-ஆவது பிரிவின்கீழ் தனியாக விளக்கம் கோரும் அறிவிப்பு வரும், அதற்கும் தனியாகப் பதில் கொடுக்க வேண்டும். முன்பு கொடுத்த ஆட்சேபணையே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இழப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சந்தை மதிப்பு என்பது வழிகாட்டி மதிப்பு, அல்லது அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான அதிக விலைக் கிரயங்களின் சராசரி, இவற்றில் எது கூடுதலோ அது. அதன்மேல் கட்டடத்துக்கும் மரங்களுக்கும் மதிப்புச் சேரும்; அந்தத் தொகைக்குச் சமமான ஆறுதல் தொகையும் உண்டு. நம்மவர்கள் முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்தப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிய பழக்கம், இழப்பீடு கணக்கிடும் நாளில் வீதி முழுவதையும் சேர்த்துக் கடிக்கும். வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வந்தால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளும்படி கோர அச்சட்டத்தின் 94-ஆவது பிரிவு இடம் தருகிறது. கையகப்படுத்தலுக்கு மூன்று ஆண்டு முன்பிருந்தே அந்த இடத்தை நம்பிப் பிழைத்தவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் வரலாம் என்பதால், தையல் கடைக்காரருக்கு வாடகை ஒப்பந்தமும் ரசீதும் எழுத்தில் இல்லை என்றால் இந்த மாதமே அதை ஒழுங்குசெய்யுங்கள். வேறொரு நாளில் நீங்கள் கட்டட அனுமதிக்குப் போகும்போது, சாலைக்கு வேண்டிய பகுதியைத் தானமாக எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். அப்போது அதற்கு ஈடாக, கூடுதல் கட்டடப் பரப்புக்கான உரிமையைத் தரும் வளர்ச்சி உரிமைச் சான்று பெற விதிகளில் இடமிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

கடைசியாகத் தம்பி. ஆட்சேபணைக் கெடு முடிந்து, கோடு எங்கே நிலைக்கிறது என்று தெரியும்வரை விற்க வேண்டாம். அவசரம் என்று விற்கத்தான் வேண்டியிருந்தால், அறிவிப்பு இருப்பதைக் கிரயப் பத்திரத்திலேயே குறிப்பிட்டு விற்றுவிடுங்கள். மறைத்தால் வழக்கு உங்கள் பெயருக்கே திரும்பி வரும். பாகம் பிரிப்பதைப் பொறுத்தவரை, முகப்பு உங்களுக்கு என்று அவர் சொல்வது அறிவிப்பு வரும்வரை பெருந்தன்மையாக இருந்திருக்கும். இன்று போகப்போகிற 600 சதுர அடியும் முழுக்க உங்கள் பங்கிலேயே விழும். அவர் அதை எண்ணிச் சொல்லாமலும் இருக்கலாம், ஆதலால் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனையைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில், ஆளுக்கு 20 அடி முகப்பாகப் பிரிக்க முடியுமா என்று வீட்டின் அமைப்பைப் பாருங்கள். முடியாதென்றால், "சாலைக்கென எடுக்கப்படும் பரப்பினால் ஏற்படும் இழப்பும், அதற்காகக் கிடைக்கும் இழப்பீடும் இரு பங்கினருக்கும் சரிபாதி" என்ற ஒரு பிரிவைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். ஆட்சேபணை மனுவில் தம்பியின் கையெழுத்தும் இருக்கட்டும்; சொத்து இன்னும் இருவருக்கும் பொதுவில்தான் இருக்கிறது. மனுவை நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வர வேண்டாம்.